கூட்டுச் சேரத் தடையாக இருப்பது பணமா? அந்தஸ்தா?
அந்தஸ்தே!



எதிரணி நண்பர் சொன்னார்: "கையில காசு இல்லாததுனாலதான் நாலு பேர் சேர்ந்து தொழில் பண்ண முடியல." ஐயா, காசு இல்லாதவன்தான் கூட்டுச் சேருவான்! காசோட அந்தஸ்தும் வந்துட்டா, "அவனுக்குச் சமமா நான் உட்காருறதா?" என்பான்.

எங்க பக்கம் ஒரு மாமனும் மச்சானும் பட்டாசுக் கடை போடக் கிளம்பினார்கள். முதல் தயார், இடம் தயார், லைசென்சும் தயார். கடை மட்டும் திறக்கவில்லை. ஏன்? போர்டில் யார் பெயர் முதலில்? (சிரிப்பு) பேசி முடிப்பதற்குள் தீபாவளியே போயிடுச்சு!

அதே சிவகாசியில் 1922-ல் நடந்ததைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். சேர்ந்தே தொழில் தொடங்கினார்கள். "நீ பெரியவனா, நான் பெரியவனா" என்று அன்றைக்கே ஆரம்பித்திருந்தால், சிவகாசி என்ற பேரை யார் அறிந்திருப்பார்?

விருதுநகருக்கு வாங்க. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை எதில் வளர்ந்தது? பிடி அரிசியில்! வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். மண்டிக்காரர் வீட்டிலும் ஒரு பிடி, கூலிக்காரர் வீட்டிலும் ஒரு பிடி. கலயத்தில் விழுந்த பிறகு எது யார் வீட்டு அரிசி? சொல்லுங்க பார்ப்போம்! (கைதட்டல்)

ஊரார் ஒதுக்கி வைத்த காலத்தில் அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்ததால் உயர்ந்தார்கள். உயர்ந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? நம்மிடம் வேலை பார்த்தவர் மகன் படித்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, சேர்ந்து தொழில் செய்வோமா?" என்று கேட்டால், நாற்காலி போடுவோமா? திண்ணையிலேயே பேசி அனுப்பி விடுவோமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நிறைவாக ஒன்று. தீக்குச்சிக்குத் தலை உண்டு. தலையில் மருந்தும் உண்டு. ஆனால் சிவப்பு பாஸ்பரஸ் அதன் தலையில் இல்லை. பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. "எனக்குத்தான் தலை இருக்கே, இந்த அட்டையோட நான் ஏன் உரசணும்?"னு குச்சி நினைத்தால், நம் வீட்டு அடுப்பு எரியுமா, தாய்மார்களே?

அடுப்பு எரியாததற்குக் காரணம் பணமில்லை ஐயா, தலைக்கனம்! அந்தத் தலைக்கனத்துக்கு ஊர் வைத்த பெயர்தான் அந்தஸ்து. எனவே தடை அந்தஸ்தே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.