அடுத்த தலைமுறைக்கு ஒரு முகாம் வளவு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டு கண்ட சங்கத்தின் மேடையில் எங்கள் வகுப்பின் சார்பில் பேச இடம் தந்த செயற்குழுவுக்கு நன்றி. எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் சிலர் இருக்கிறோம். அதனால் நோய்களைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது ஒரு காணியைப் பற்றி.

கீரிமலைப் பக்கத்தில், திருச்சபைக்குச் சொந்தமான அந்தக் கடலோர வளவை மூத்த அக்காமாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையில் பெண்கள் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது. பின்னர் அது நம் கல்லூரிக்கும் வந்தது. சாரணியரும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் விடுதி மாணவிகளும் அந்த வளவில்தான் முகாமிட்டார்கள். பாய் விரித்துப் படுத்தது, பிளாவில் ஒடியற்கூழ் குடித்தது, இரவில் நெருப்பைச் சுற்றியிருந்து பாடியது என்று அக்காமார் கதை கதையாகச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை போய்ச் சேருவதால் முதல்நாள் எல்லோருக்கும் சைவச் சமையல்தானாம். காலை வணக்கத்தின்போது சைவப் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குக் கண்மூடி இருப்பார்களாம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்களுக்கு அது கதையாக மட்டுமே கிடைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள். வளவுக்குப் போகும் பாதை அதோடு மூடிப்போயிற்று. பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பதுங்கு குழிக்குள் பாடம் ஒப்புவித்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, சாதாரண தர வகுப்பில் இருந்த எங்களைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அங்கே பாடசாலைக் கட்டடங்களிலும் மரநிழலிலும் தங்கினோம். எங்களுக்குத் தெரிந்த முதல் முகாம் அதுதான்.

2009இல் எங்களில் மூவர் இளம் வைத்தியர்களாகச் செட்டிகுளம் மெனிக் பாமில் வேலை செய்தோம். ஒரு கட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அகதி முகாம், இராணுவ முகாம், தடுப்பு முகாம் என்றுதான் எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சொல் பழக்கம். முகாமுக்குப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சந்தோஷமாகப் பையைக் கட்டுவதை நாங்கள் நாற்பது வயதை நெருங்கித்தான் கண்டோம்.

போர் முடிந்த பின் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. நம் வளவும் திரும்பக் கிடைத்தது. பற்றைக்காடும், கூரையில்லாத மண்டபச் சுவர்களும், தூர்ந்த கிணறும் கிடைத்தன. திருச்சபை கூரை போட்டது. கிணறு இறைக்கப்பட்டது. நாற்பது பிள்ளைகள் அளவில் முகாம்கள் மறுபடி தொடங்கின. வரவிரும்பியவர்கள் அதிலும் கூட. சீட்டுக் குலுக்கித்தான் பெயர் எடுக்க வேண்டியிருந்தது.

கடைசியாக நடந்த முகாமில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல்நாள் இரவு நல்ல மழை. இரண்டாம் நாள் பின்னேரம் பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார், நாங்கள் போனோம். ஜீவனியும் ஓய்வுமே போதுமாக இருந்தன, ஒருவரும் வைத்தியசாலையில் தங்க வேண்டி வரவில்லை. ஆனால் வந்த வேலை முடிந்ததும் கிணற்றடியிலிருந்து மலசலகூடக் குழிவரை காலால் அளந்து பார்த்தோம். பதினான்கு எட்டுத்தான்.

நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே ஊற்றுவது மணலில் வடிவதுபோல ஆறுதலாக வடிவதில்லை, வெடிப்பு வழியே விரைவாக நிலத்தடி நீருக்குப் போய்விடும். மழை பெய்தால் இன்னும் விரைவு. நம் கிணறுகள் எல்லாம் அந்த நீரில்தான் நிற்கின்றன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே முப்பது மீற்றராவது வேண்டும், இப்படியான கல்நிலத்தில் அதற்கும் கூட வேண்டும் என்பது பொதுவான விதி.

நம் வளவு ஆறு பரப்பு. நீளமும் அகலமும் நாற்பது மீற்றர்கூட இல்லை. கிணறு ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. குழியை எந்த மூலைக்கு மாற்றினாலும் போதிய தூரம் வராது. இந்த விடயம் சீராகும்வரை இரவு தங்கும் முகாம்களைத் திருச்சபை நிறுத்தி வைத்திருக்கிறது. எங்களிடம் கேட்டபோது நாங்களும் அதையே சொன்னோம். சொல்ல விருப்பமில்லாமல்தான் சொன்னோம்.

ஆகவே விரிவாக்கம் என்று நாங்கள் சொல்வது ஆடம்பரத்துக்கு அல்ல. தெற்கு வேலிக்கு அப்பால் பத்துப் பரப்புக் காணி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பதினாறு பரப்பு, சரியாக ஒரு ஏக்கர். அந்தக் காணிக்குப் பங்காளிகள் நால்வர். மூவர் வெளிநாட்டில், ஒருவர் இங்கே. இங்கே இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். முதலில் அவர் பிடிகொடுக்கவில்லை. இடம்பெயர்ந்து எத்தனையோ வீடு மாறியவரிடம் காணியை விற்கச் சொல்லிக் கேட்பது இலேசான காரியமா? நாங்களும் வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்து அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். “சும்மா தரேலாது பிள்ளையள், ஊர் விலைக்குத்தான் தருவன். ஆனா என்ர அப்பு வச்ச பனையளைத் தறிக்கக் கூடாது” என்றார். மற்றப் பங்காளிகளும் சம்மதித்துவிட்டார்கள். அவர் கேட்டதை எழுத்தில் கொடுக்கத் திருச்சபை உடன்பட்டிருக்கிறது. அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம் மலிவாக வாங்கிய காணியில் நம் பிள்ளைகள் படுத்து எழும்பக் கூடாது. விலை நியாயமான விலையாகவே இருக்கும்.

அந்தக் காணியில் என்ன செய்யப்போகிறோம்? ஒரே நேரத்தில் 120 பிள்ளைகள் தங்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அனர்த்த காலத்து முகாம்களுக்கென எழுதப்பட்ட ஸ்பியர் கைந்நூலையே எடுத்தோம். மெனிக் பாமில் எங்கள் கையில் இருந்ததும் அதுதான். இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் என்றால் ஆறு வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர் என்றால் 1,800 லீற்றர். படுக்க ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் என்றால் 420 சதுர மீற்றர் கூரை. வீடிழந்து வந்தவருக்கே இவ்வளவாவது வேண்டும் என்று சொல்லும் அளவு இது. விருந்தாக வரும் நம் பிள்ளைகளுக்கு இதிலும் குறைய வைக்கலாமா?

இதோடு இன்னும் சில உண்டு. மலசலகூடங்களில் மாதவிடாய்த் துணிகளை மறைவாக அகற்ற ஒழுங்கு வேண்டும். அது இல்லாததால் மூன்று நாளும் தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். படிக்குப் பதிலாக ஒரு சாய்தளம் வேண்டும். செயற்கைக் காலோடு நடக்கும் மாணவி ஒருத்தியின் பெயர் சீட்டில் விழுந்தும், அந்தப் படிகளுக்குப் பயந்து தாய் அனுப்பவில்லை. இரவில் தரையில் படுத்திருப்பவரை விரியன் தீண்டும் ஊர் இது. ஆகவே கட்டிலும் நுளம்பு வலையும் வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போக எந்நேரமும் ஒரு வாகனம் நிற்க வேண்டும்.

எங்களிடம் ஒரு கேள்வியும் வந்தது. வைத்தியர்களாகிய நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கருவி வாங்கக் கேட்காமல், ஏழைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கேட்காமல், முகாமுக்கா காசு கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. புலமைப்பரிசில் நிதியில் கைவைக்கக் கூடாது என்பதில் நாங்களும் உறுதியாக இருக்கிறோம். ஆனால் எங்கள் கிளினிக்குக்கு வரும் பெண் பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம். விடிய முன் ரியூசன், பின் பாடசாலை, பின் மறுபடியும் ரியூசன். தலையிடி, நித்திரையின்மை, காரணம் சொல்லத் தெரியாத அழுகை. சோதித்தால் பல தடவை ஒரு நோயும் இல்லை. முகாம் இதற்கு மருந்து என்று சொல்ல மாட்டோம். மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு மருந்துதான் கொடுக்க வேண்டும். ஆனால் புள்ளி போடாத, போட்டியில்லாத மூன்று நாள் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது வேறு வழியில் கிடைக்கும். மற்றப் பிள்ளைக்கு இந்த வளவை விட்டால் வேறு இடம் இல்லை.

எங்கள் வேண்டுகோள் எளியது. ஒரு வகுப்பு ஒரு பரப்பு. பத்து வகுப்புகள் முன்வந்தால் பத்துப் பரப்பும் வந்துவிடும். முதற் பரப்பை எங்கள் வகுப்பு பொறுப்பேற்றிருக்கிறது. தனியே ஒரு பரப்பு முடியாத வகுப்புகள் இரண்டாகச் சேரலாம். காணி எழுதி முடிந்த பிறகே மலசலகூடம், தண்ணீர், கூரை என்று அந்த ஒழுங்கில் வேலை நடக்கும். மண்டபம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், குழி தெரியாது. ஆனாலும் குழிக்கே முதலில் தாருங்கள். பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைப்போம். கட்டிவிட்டுக் கைவிட்ட கட்டடங்கள் நம் ஊரில் போதியளவு உண்டு. கணக்கு விபரம் சங்கத்தின் பொருளாளரூடாக ஆண்டுதோறும் உங்களுக்கு வரும்.

கடல் கடந்து வாழும் தோழியரே, காசு மட்டும் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒரு கிணற்றடியில் முகம் கழுவட்டும்.

முகாமிட்டு மகிழ்ந்த அக்காமார் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். முகாமிடப் போகும் தங்கைமாரும் இருக்கிறீர்கள். இடையில் அகப்பட்ட வகுப்புகள் எங்களுடையவை. எங்களுக்கு அந்த நாட்கள் இனிக் கிடைக்கா. அந்தக் குறையோடு கதை முடியாமல் இருக்க, பத்துப் பரப்புக் காணி போதும். அம்மா கேட்டபடி பனைகளும் நிற்கும்.