வீட்டுக்கு ஒரு நோட்டு
(பேராக் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் தோட்டத்து ஆபீசில் பேனா பிடிப்பவர்கள். செக்ரோலில் எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறோம். பெயர், வேலை நாள், பால் எடை, கூலி, அவ்வளவுதான். அவர் எந்த ஊர், யார் மகள் என்று அதில் ஒரு வரி கிடையாது. தோட்டம் கைமாறினால் அந்த ஏடும் போய்விடும். ஆகவே நம் குடும்பக் கதையை நாமே எழுத வேண்டும்.

எழுதுவது எப்படி? நாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். "மலாயாவுக்கு எந்த வருஷம் வந்தீங்க?" என்று நம் பாட்டியைக் கேட்டோம். "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்?" என்று முடித்துவிட்டார். மறுவாரம், "உங்க அப்பா சயாமுக்குப் போன அன்னைக்கு நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க பாட்டி?" என்றோம். "அம்மாவோட மங்கு தொடச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு பேச்சு நிற்கவேயில்லை!

ஆண்டு தெரியாதவருக்கும் நடந்தது தெரியும். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பரில். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது 1943-இல். சுங்கை சிப்புட்டில் வெள்ளைத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியது 1948 ஜூனில். சுதந்திரம் 1957-இல். "அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள், ஆண்டு தானே அகப்படும்.

"கங்காணிதான் கூட்டியாந்தாரு. நான் அம்மா இடுப்புல இருந்தேனாம்" என்றார் பாட்டி. தொழிலாளரைக் கூலிக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. ஆகவே அதற்கு முன்பே கப்பலேறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டோம். அடையாளக் கார்டோடும் ஒப்பிட்டுக்கொண்டோம்.

இரண்டு விதிகளை மறவாதீர்கள். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாதீர்கள்; பாட்டி ஒன்றும் சின்னத்தாத்தா வேறொன்றும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கங்காணியிடம் பட்ட கடனையோ, கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்தையோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அவையும் நம் வரலாறே.

நம்மால் ஆகுமா என்று தயங்க வேண்டாம். முத்தம்மாள் பழனிசாமி தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையை 'நாடு விட்டு நாடு' என்று நூலாக்கவில்லையா? ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதவில்லையா?

பாட்டியின் அப்பா சயாமிலிருந்து திரும்பவில்லை. சமாதி இல்லை, ஒரு படமும் இல்லை. இன்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. "எது அப்பா பேரு?" என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

தோழர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாளை என்று தள்ளிவைத்தால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை! வணக்கம்.