பலூனும் பனங்கட்டிக் குட்டானும்

ஆடி மாதத்தின் முதல் நாள். யாழ்ப்பாணத்துத் தீவுகளிலே சோழகக் காற்று பனையோலைகளை ஓயாது சலசலக்கச் செய்யும் காலம். அடுக்களையிலே தாய் பச்சரிசி மாவைக் குழைத்து வட்டமாகத் தட்டுகின்றாள். வறுத்த பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் கலந்த உள்ளீட்டை நடுவிலே வைத்து, இரண்டாக மடித்து, விளிம்பை விரல் நுனியாற் பல்லுப்பல்லாகக் கிள்ளி மூடுகின்றாள். அருகே குந்தியிருக்கும் பிள்ளை அந்த உள்ளீட்டைக் கண்ணாற் கண்டதோடு நில்லாமல், சட்டியின் அடியிலே விரலை விட்டு நக்கியும் பார்த்தாயிற்று. இருந்தும், அவிந்து ஆவி பறக்க வந்த கொழுக்கட்டையைக் கையில் வாங்கியதும் அது செய்கின்ற முதல் வேலை, அதனைப் பிளந்து உள்ளே என்ன இருக்கின்றதென்று பார்ப்பதுதான்.

மூடியிருப்பதைத் திறந்து பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு இயல்பானது. அந்த ஆசைக்கு விருந்து வைக்கத் தீவுப்பகுதித் தாய்மார் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கற்பகதரு என்று பனையைச் சொல்வது வெறும் புகழ்ச்சியன்று. உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிய முட்டியிற் சேர்ந்த கருப்பநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் கிளறி, குட்டான்களில் வார்ப்பார்கள். குட்டான் என்பது கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய ஓலைக்கூடு. பனங்குருத்தை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, நீரில் ஊறவிட்டு இழைப்பது. பனங்கட்டி அதனுள்ளேயே இறுகிவிடும். ஓலையை உரித்தாலன்றி இனிப்பு வெளியே வராது. உரித்த பின்பும் இழைகளின் இடுக்கிலே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல்லாற் சுரண்டும் இன்பம் தனியானது. கூடும் இனிப்பும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும்.

ஆடிப்பிறப்பின் கொழுக்கட்டையையும் கூழையும் பிள்ளைகளின் வாயிலே பாட்டாகவும் வைத்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். 1878ஆம் ஆண்டு பிறந்து 1953இல் மறைந்த அப்பெரியார் இயற்றிய ஆடிப்பிறப்புப் பாட்டைப் பள்ளியிற் படியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிது. பலாவிலையைக் கோலிக் கூழ் குடித்தறியாத பிள்ளைகளும், பிறநாடுகளிற் பிறந்தவர்களும், இன்று அப்பாட்டின் வழியாகவே அந்த நாளை அறிகின்றனர்.

இந்தக் கொழுக்கட்டைக்கும் குட்டானுக்கும் பக்கத்திலே இப்பொழுது பலூன் வந்து நிற்கின்றது. கோயில் வீதியிலே கச்சான் கடைக்கு அருகில் நூலிற் கட்டி விற்கப்படும் பலூன் தீவுகளுக்குப் புதிதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மனின் ஆனிமாதத் திருவிழாவுக்குச் சென்று, குறிகட்டுவானுக்குப் படகேறும் பிள்ளைகளின் கையிலே அதனைக் காணலாம். ஆனால் பெரிய பலூனொன்றினுள் இனிப்புகளைத் திணித்து, ஊதி, வீட்டின் நடுவிலே தொங்கவிட்டு, ஊசியாற் குத்தி வெடிக்கவைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கவிடும் வழக்கம் நகரத்துப் பிறந்தநாள் விழாக்களிலிருந்து வந்தது. தொறொன்ரோவிலும் பாரிசிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களைக் கண்டு, நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் அவ்வாறே செய்யவேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது இயல்பே.

கேட்பதிலே குற்றமில்லை. பலூனும் ஒருவகையிலே கொழுக்கட்டையின் உறவுதான். 1824ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மைக்கேல் பரடே, வாயுக்களை அடைத்து வைப்பதற்காக முதல் இறப்பர்ப் பலூனைச் செய்தார். இரண்டு இறப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உட்புறம் ஒட்டாதிருக்க மாவைத் தூவி, விளிம்புகளை அழுத்தி மூடினார். அடுக்களையிலே தாய் செய்வதும் ஏறக்குறைய இதுவேயன்றோ! அடுத்த ஆண்டே தோமஸ் ஹான்கொக் என்பவர் அதனை விளையாட்டுப் பொருளாக்கி விற்கலானார். இலங்கைக்கும் இறப்பருக்கும் உள்ள உறவோ 1876ஆம் ஆண்டில் தொடங்கியது. பிறேசில் நாட்டு விதைகளிலிருந்து கியூ தாவரவியற் பூங்காவில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் அவ்வாண்டிலே கப்பலேறி வந்து, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மழை மிகுந்த தென்னிலங்கையின் அம்மரம் வறண்ட சுண்ணக்கல் தீவுகளிலே வளராது. அதன் பால் பலூனாகி மட்டும் வந்து சேருகின்றது.

வந்து சேர்ந்த விருந்தாளி வெடித்த பின்பு எங்கே போகின்றான் என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. இனிப்பைப் பொறுக்கும் ஆரவாரத்திலே இறப்பர்த் துண்டுகள் நிலத்திற் கிடக்கும். தவழும் பிள்ளை அதனை எடுத்து வாயில் வைக்கும். சற்று மூத்த பிள்ளையோ துண்டை வாயிலே இழுத்து உறிஞ்சிக் குமிழி செய்து விளையாடும். இறப்பர் மெல்லியது, வழுவழுப்பானது; தொண்டையிலே சென்றால் மூச்சுக்குழாயின் வாயை மூடிபோலப் பொருந்தி அடைத்துவிடும். பருப்போ விதையோ அடைத்தால் முதுகிலே தட்டும்போது வெளியேறக்கூடும். வளைந்து ஒட்டிக்கொள்ளும் இறப்பரை அவ்வாறு வெளியேற்றுதல் மிகவும் கடினம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ஊதாத பலூனையும் உடைந்த துண்டுகளையும் விட்டுவைக்கலாகாது என்று பலூன் பொதிகளிலேயே அச்சிட்டிருப்பது இதனாலேதான். சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதால் வாங்குவோர் அதனைப் படிப்பதில்லை.

இந்த எச்சரிக்கை எங்கும் பொருந்துவதாயினும், தீவிலே வாழ்வோருக்கு இதன் கனம் வேறு. நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதாயின், குறிகட்டுவான் வரை கடற்பயணமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோழகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் அதனினும் கூடும். அதன் பின்னர் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைத் தாம்போதி வழியே நகரை அடையவேண்டும். மூச்சடைத்த பிள்ளைக்கு உள்ள அவகாசம் நான்கைந்து நிமிடங்களே. தீவிலுள்ள வைத்தியசாலையை எட்டுவதற்கும் அது போதாதிருக்கலாம். படகும் பாதையும் எவ்வளவு திருந்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

காற்று அள்ளிச் சென்ற துண்டுகளின் கதை வேறு. தீவைச் சூழ்ந்த ஆழமற்ற கடலிலே கடற்புல் படுக்கைகள் உள்ளன; ஆமைகள் மேய்கின்றன. மிதக்கும் இறப்பர்த் துண்டை உணவென்று விழுங்கிய ஆமையும் கடற்பறவையும் குடல் அடைபட்டு மடிகின்றன. கடலை நம்பி வாழும் ஊரார் தம் வீட்டு விழாவின் குப்பையைக் கடலுக்குக் கொடுப்பது முறையாகுமா?

அவ்வாறாயின் பிள்ளைகளுக்குப் பலூனே வேண்டாமென்று சொல்லிவிடுவதா? அது தேவையில்லை. பலூனைக் கூடாக வைக்காமல் அச்சாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மெக்சிக்கோ நாட்டிலே நத்தாருக்கு முந்திய இரவுகளிற் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைக்கும் பினியாத்தா, முற்காலத்தில் வண்ணத்தாள் சுற்றிய மண்பானையாக இருந்தது. பின்னர் கடதாசிக் கூடாக மாறியது. சித்திரைப் புத்தாண்டிலே முட்டி உடைத்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. முட்டி உடைந்தால் ஓடு தலையில் விழும். கடதாசிக்கூடு உடைந்தால் எவருக்கும் காயமில்லை. அந்த மட்டில் இது முட்டியினும் மேலானது.

செய்யும் முறை எளிது. பட்டம் கட்டத் தெரிந்த வீட்டிலே அதற்கு வேண்டிய கைப்பழக்கமும் உண்டு. பலூனை ஒரு நடுத்தரத் தேங்காயிலும் சற்றுப் பெரிதாக ஊதிக் கட்டி, மேலே சிறிது தேங்காயெண்ணெய் தடவவேண்டும். எண்ணெய் தடவாவிட்டாற் கடதாசி இறப்பரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கோப்பை கோதுமை மாவிற்கு நான்கு கோப்பை நீர் விட்டுக் கட்டிபடாமற் காய்ச்சினால் பசை ஆயத்தம். பழைய செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்திற் கையாற் கிழிக்கவேண்டும். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் எழுந்து நிற்கும், கிழித்த ஓரமோ படிந்து ஒட்டும். முதற் படையைப் பசையின்றி நீரில் மட்டும் தோய்த்து ஒட்டி, அதன் மேல் பசை தோய்த்த மூன்று படைகள் ஒட்டினாற் போதும். ஆர்வ மிகுதியால் ஏழெட்டுப் படை ஒட்டிவிட்டு, விழா நாளிலே பிள்ளைகள் அடித்து அடித்துக் களைத்துப்போக, இறுதியில் மாமன் கத்தி எடுத்து வரும் வேடிக்கையும் நிகழ்வதுண்டு. பலூனின் கழுத்தைச் சுற்றி ஒரு பிள்ளையின் கை நுழையுமளவு இடத்தை ஒட்டாமல் விடவேண்டும்.

உலர்த்துவதிலேதான் பொறுமை வேண்டும். வெயிலிலே வைத்தால் உள்ளேயுள்ள காற்று விரிந்து, ஈரக்கூடு வெடித்துவிடும், நிழலே ஏற்றது. ஆடிப்பிறப்புக்குச் செய்வதாயின் சோழகக் காற்றே இரண்டு நாளில் உலர்த்திவிடும். நத்தாருக்கோ தைப்பொங்கலுக்கோ செய்வதாயின், மாரி மழையும் வாடையின் ஈரமும் சேர்ந்து நான்கைந்து நாள் எடுக்கும். அடுப்படிக்கு எட்டிய மூலையிலே, தீக்கு அணுக்கமின்றித் தொங்கவிடலாம். நன்றாகக் காய்ந்த கூட்டை விரலாற் சுண்டினால் ஓடு போல ஒலிக்கும். அப்பொழுது பலூனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலே துளையிட்டுக் காற்றை மெல்ல வெளியேற்றி, இறப்பரை முழுதாக உருவியெடுத்துவிடவேண்டும். ஒரு பலூன் உள்ளே போயிற்று. ஒரு பலூன் வெளியே வந்ததா என்று பெரியவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, அப்போதே அப்புறப்படுத்தவேண்டும். இந்த ஒரு வேலையைப் பிள்ளையிடம் விடலாகாது.

இனி உள்ளீடு. அச்சுமை படிந்த கடதாசியாதலால் வெறுமனே எதனையும் போடலாகாது, எல்லாம் பொதியப்பட்டிருக்கவேண்டும். தோடம்பழ இனிப்புகளை வாங்கிப் போடலாம். அவையும் கடல் கடந்து வந்து விலையேறியவைதாம். எள்ளுருண்டையையும் புழுக்கொடியல் துண்டுகளையும் தாளிற் சுற்றிப் போடலாம். சிறுகுழந்தைகள் இருக்கும் இடத்திலே கச்சானையும் கடின இனிப்பையும் தவிர்த்தல் நன்று. பொரிவிளாங்காயை மேலிருந்து விழச்செய்வது பற்றி இருமுறை யோசிக்கவேண்டும். அதன் கடினத்தை அறிந்தவர்கள் கூட்டுக்குக் கீழே நிற்கத் துணியமாட்டார்கள்! எல்லாவற்றினும் பொருத்தமானது, முன்பே கூறிய குட்டான்தான். அதிலும் சிறிதாக, எலுமிச்சங்காய் அளவில் இழைத்த குட்டான்கள்.

குட்டானைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூடு உடைந்து இனிப்பு சிதறும் கணத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அது முழுவதும் மகிழ்ச்சியான காட்சியன்று. பலமுள்ள பையன் இரு கையாலும் அள்ளுவான். கூச்சமுள்ள சிறுமி ஓரமாக நின்று வெறுங்கையோடு திரும்புவாள். அடுத்த தீவிலிருந்து படகு பிந்தி வந்த பிள்ளைக்கு வெற்றுக் கடதாசிதான் மிஞ்சும். ஆகவே வரும் பிள்ளைகளின் தொகையை எண்ணி, அத்தனை குட்டான்களும் மேலும் இரண்டும் உள்ளே வைக்கவேண்டும். ஒவ்வொரு குட்டானிலும் ஒரு பிள்ளைக்குரிய இனிப்பு முழுவதும் அடங்கியிருக்கும். ஆளுக்கு ஒன்று கிடைக்கும் வரை எவரும் இரண்டாவதைத் தொடலாகாது என்பதை அடிக்கத் தொடங்குமுன்னரே சொல்லிவிடவேண்டும். மேலதிக இரண்டும் பிந்தி வருவோருக்கு.

அடிப்பவரைத் தவிர மற்றவர்கள் நான்கு முழம் தள்ளி நிற்பதற்கு நிலத்திலே ஒரு கோடு கீறவேண்டும். மிகச் சிறியவர்கள் மட்டும் கூடியிருந்தால் தடியே வேண்டாம். கூட்டின் அடியிலே கைவிட வைத்த வாயைக் கடதாசியால் இலேசாக மூடி, அதிலிருந்து பல நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றுள் ஒன்றை மட்டும் அந்த மூடியோடு பிணைத்துவிட்டால், ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்து மகிழ்வர்.

குட்டான் இழைக்கும் கைகள் குறைந்துவிட்டனவே என்பார்கள். அது உண்மை. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கைத்தொழில்களும் அவர்களோடு சிதறின. போர்க்காலத்திலே பனைகளும் ஏராளமாக வீழ்த்தப்பட்டன. திரும்பி வந்தவர்களுள் இழைக்கத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். விழாவுக்கு இருபது நாள் முன்பு இருபது குட்டான் வேண்டுமென்று அவர்களிடம் சென்று, பிள்ளைகளைப் பக்கத்திலே இருத்திவிட்டால், முதல் நாளே நான்கு கோணற் குட்டான்கள் உருவாகிவிடும். கோணலானவற்றையும் கூட்டுக்குள் வைக்கலாம். தான் இழைத்தது எவர் கையில் விழுகின்றதென்று பார்ப்பதற்காகவே அந்தப் பிள்ளை கண்ணிமைக்காமல் நிற்கும்.

விழா முடிந்து முற்றம் கூட்டும்போது பசைக்கடதாசி அடுப்புக்குப் போகும். உரித்தெறிந்த ஓலைகளை, கூட்டுமுன்னரே, வேலியோரத்து ஆடு தின்று முடித்திருக்கும்.