பெட்டி போடத்தான் பிள்ளைகளா?



"ஏஐ வந்துவிட்டது, பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள்" என்று ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எதற்குத் தயார் செய்வது? அதை மட்டும் எந்த ஃபிளெக்ஸிலும் காணோம். இரண்டு நாள் வகுப்பு, சாட்ஜிபிடியிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு பாடம், லேமினேட் போட்ட சான்றிதழ். தன் சரக்கை எப்படி வாங்குவது என்று சொல்லித்தர, கடைக்காரன் நம்மிடமே கட்டணம் வாங்குகிறான், ஐயா!

இந்த ஏஐ இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது யார்? 2009இல் கணினி ஆய்வாளர் ஃபெய்-ஃபெய் லீயின் குழு இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை வெளியிட்டது. வளர்ந்து வளர்ந்து அது 1 கோடியே 40 லட்சம் படங்களைத் தொட்டது. இது நாய், இது பேருந்து, இது குடை என்று பார்த்துப் பார்த்துக் குறித்தவர்கள், பல நாடுகளில் வீட்டில் உட்கார்ந்து சில்லறைக் கூலி வாங்கிய மனிதர்கள். அந்தப் படங்களை வைத்து நடந்த 2012 போட்டியில் ஜெயித்த குழுவில் கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன் இருந்தார். 2024இல் அவருக்கு நோபல் பரிசு. தகுதியானவர்தான், மறுக்கவில்லை. குறித்துக் கொடுத்த கைகளுக்கு என்ன கிடைத்தது?

அந்த வேலை இன்று நம் சிற்றூர்களுக்கும் வந்திருக்கிறது. பட்டம் வாங்கிய பெண் திரைமுன் உட்கார்ந்து, படத்தில் தெரியும் காருக்கு ஒரு பெட்டி, சாலை கடப்பவருக்கு ஒரு பெட்டி, சிக்னல் கம்பத்துக்கு ஒரு பெட்டி என்று மவுஸால் இழுத்துக்கொண்டிருக்கிறாள். கோடு கொஞ்சம் விலகினால் திருப்பி அனுப்புவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காக அவள் பழக்கும் தானியங்கிக் கார் அவள் ஊர் ரோட்டுக்கு வரப்போவதில்லை. அந்த வேலையைக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது; அதில் ஒரு வீட்டு அடுப்பு எரிகிறது. நம் பிள்ளைகள் அதோடு நின்றுவிடுவதா என்பதுதான் என் சண்டை.

மேலே போக என்ன வேண்டும்? வெளியே தேட வேண்டாம். நம் தமிழ்நாட்டு அரசுப் பாடநூலில் பிளஸ் டூ கணக்கின் முதல் பாடமே அணிகள். பிளஸ் ஒன்னில் வகை நுண்கணிதம் இருக்கிறது, நிகழ்தகவு இருக்கிறது, பேயீஸ் தேற்றம் இருக்கிறது. இயந்திரத்துக்குள் நடப்பதும் பெரும்பாலும் இதுதான்: எண்களை அணி அணியாக அடுக்கிப் பெருக்குவது, விடை எவ்வளவு பிசகியது என்று பார்த்து நுண்கணிதத்தால் திருத்துவது, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று நிகழ்தகவு பார்ப்பது. இதை ஐந்து மார்க் கேள்வியாக உருப்போட வைத்துவிட்டோம். எத்தனையோ தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிக் குதித்து, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்தன. அதே பள்ளி வாசலில்தான் இன்று ஏஐ ஃபிளெக்ஸ்!

தமிழுக்கு வருகிறேன். எழுத்தைக் கணினியில் சேமிக்கப் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்று அடித்தால் 15 பைட். ஆங்கிலத்தில் 'mother' என்று அடிக்க 6 பைட் போதும். மொழி இயந்திரம் எழுத்தைத் துண்டு போட்டுத்தான் படிக்கும். ஆங்கிலத்தையே அதிகம் தின்று வளர்ந்த இயந்திரம் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்குகிறது. அந்த இயந்திரத்தைத் தம் நிரலில் இணைப்பவர்களுக்கோ துண்டுக் கணக்கில்தான் பில். ஒரே செய்தி, தமிழில் சொன்னால் கூடுதல் காசு. இதை மாற்ற ஊர்வலம் போய்ப் பயனில்லை. தமிழுக்கு ஏற்றபடி துண்டு போடும் நிரலை எழுத, புணர்ச்சி விதியும் நிகழ்தகவும் சேர்ந்து தெரிந்த பிள்ளைகள் வேண்டும். இரண்டு நாள் வகுப்பிலிருந்து அவர்கள் வருவார்களா?

பெற்றோர்களே, அரசுப் பள்ளியானால் மேலாண்மைக் குழுவில், தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டத்தில், "கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பாதீர்கள். பிளஸ் ஒன் கணக்கு முழுசாக நடக்கிறதா? கணக்கு வாத்தியாரும் தமிழ் ஐயாவும் ஒரு நாளாவது ஒரே வகுப்பில் நின்று, நம்மூர்ப் பேச்சை அந்த இயந்திரத்திடம் கொடுத்து, அது எங்கே தடுக்கி விழுகிறது, ஏன் விழுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வைத்தார்களா? கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்!