பிட்டைத் தீட்டலாம், உருவத்தை மாற்றாதீர்கள்

(இறக்கக்கண்டியில் தச்சுப் பயிற்சிக்கு வந்த தோட்டத்து இளைஞர்கள் முன்னிலையில் தச்சாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அப்பாமார் கவ்வாத்துக் கத்தி தீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். மழுங்கின கத்தி கிளையை வெட்டாது, பிளந்துவிடும். இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரூட்டர் பிட்டும் அப்படித்தான். ஆனால் கத்தி உங்கள் கைவேகத்தில் போகிறது, பிட் போகிற வேகம் வேறு. சின்ன ரூட்டர் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும். அப்போது 12 மில்லிமீற்றர் பிட்டின் விளிம்பு மணிக்கு 68 கிலோமீற்றர் ஓடுகிறது. அதே மெசினில் 50 மில்லிமீற்றர் பிட்டைப் போட்டால் 280 கிலோமீற்றரைத் தாண்டிவிடும்! வேகத்தைக் குறைக்க வசதியில்லாத மெசினில் பெரிய பிட் போடவே வேண்டாம்.

நான் பட்டதைச் சொல்லுறன். பழைய ஜன்னல் நிலை ஒன்றின் வளைவுக்குப் பொருந்துகிற பிட் எனக்குக் கிடைக்கவில்லை. இருக்கிறதைத் தேய்த்தால் போச்சு என்று, ஒரு கார்பைட் பிட்டைச் சாதாரணச் சாணைச் சக்கரத்தில் பிடித்தேன். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஒரு பக்க அலகு மற்றதைவிடக் கூடத் தேய்ந்ததை நான் கவனிக்கேல்லை. மெசினைப் போட்டதும் ஒரு நடுக்கம். அடுத்த கணம் அலகுத் துண்டு பறந்துபோய்ப் பலகைச் சுவரில் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற பொடியனின் காதுக்கும் அதுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மிச்ச ஜன்னலை உளியால்தான் செதுக்கி முடித்தேன்.

கார்பைட் கடினமானது, ஆனால் கண்ணாடிபோல நொறுங்கும். சாதாரணச் சக்கரம் அதை வெட்டாது, சூடாக்கும். சூட்டில் வெடிப்பு விழும், உருக்குத் தண்டோடு ஒட்டவைத்த பற்றும் விடும். தீட்டுவதற்கு டயமண்ட் கல் வேண்டும். அலகின் உள்பக்கத் தட்டையான முகத்தை மட்டும் கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். வெளிச்சரிவில் கை வைக்காதீர்கள். இந்த அலகுக்குப் பத்து இழுப்பு என்றால் மற்ற அலகுக்கும் பத்து, எண்ணிக்கொண்டே செய்யுங்கள். கல்லை ஈரமாக வைத்திருங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

பல நேரம் பிட் மழுங்கியிருக்காது, மரப்பிசின் அப்பியிருக்கும். நுனியில் சின்னப் பெயரிங் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அதன் கிரீஸ் கரைந்துவிடும். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். இங்கே கடல் காற்று, உங்களுக்கு மலை மூடுபனி. இரண்டு இடத்திலும் துரு வரும். மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள், மெசினில் போடுமுன் துடைத்துவிடுங்கள்.

மரத்தையும் பார்க்க வேண்டும். ஹல்மில்லவை வெள்ளைக்காரன் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தான். சென்னைக் கரையில் மசூலாப் படகு கட்ட அது போனது. அது எங்கள் ஊர்ப் பெருமை! ஆனால் பிட்டுக்கு எதிரி தேக்குத்தான். அதில் மணல்போலச் சிலிக்கா இருக்கிறது, கூரைச் சீக்கிரம் தின்னும்.

அப்போ பிட்டை மாற்றவே ஏலாதா? ஏலும், பெயரிங்கை மாற்றி. 32 மில்லிமீற்றர் பிட்டில் 13 மில்லிமீற்றர் பெயரிங் இருந்தால் படி 9.5 மில்லிமீற்றர் ஆழம் வெட்டும். 19 போட்டால் 6.5 தான். பெரியதில் சிறியதைக் கழித்துப் பாதியாக்குங்கள், கணக்கு வந்துவிடும்.

இன்னொன்று, கால் அங்குலத் தண்டு 6.35 மில்லிமீற்றர். அந்தப் பிடியில் 6 மில்லிமீற்றர் தண்டைக் கடதாசி சுற்றிச் செருகாதீங்க. முழுக்க உள்ளே விட்டு, 2, 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து, அதுக்குப் பிறகு இறுக்குங்க.

இப்போ பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பிட் எடுத்து வாங்க. மண்ணெண்ணெய்ப் போத்தல் ஜன்னல் ஓரத்தில் இருக்கு.