கைநாட்டு வாத்தியார்

(குன்னூரில் மாணவர்களிடம் பேசியது)



பேங்க்கில் கைநாட்டு வாங்குவதும் என் வேலைதான். போன மாசம் பென்ஷன் எடுக்க ஒரு தாத்தா வந்தார். டேன்டீயில் கொழுந்துக் காட்டு வேலை பார்த்து ஓய்ந்தவர். "எழுத்து தெரியாதா தாத்தா?"ன்னு கேட்டேன். "தெரியாதுப்பா. காமன் கூத்து முழுசாத் தெரியும்"ன்னார்.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். ஹட்டன் பக்கத்து லயத்தில், மாசி மாசக் குளிரில், பெரியவங்க பின்னாடி நின்னு நின்னே பாட்டும் அடியும் படித்திருக்கிறார். புத்தகம் கிடையாது. ஒருத்தன் தப்பாப் பாடினால் லயமே திருத்தும்.

கென்யாவிலும் ஒரு தேயிலைச் சீமை உண்டு, லிமுரு. 1903இல் அந்நாட்டின் முதல் தேயிலை நட்ட இடம். அங்கே கமிரீத்து கிராமத்தில் 1976இல் முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. பிறகு கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் கிக்குயு மொழியில் நாடகம் எழுதினார்கள். ஒத்திகையைத் திறந்தவெளியில் வைத்தார்கள். கூலிக்காரர்கள் வந்து 'கிழவன் இப்படியா பேசுவான்' என்று வசனத்தைத் திருத்தினார்கள். மேடையையும் அவர்களே கட்டினார்கள். 1977இல் அரசு நாடகத்தை நிறுத்தியது. டிசம்பர் 31இல் தியாங்கோவைப் பிடித்து விசாரணையின்றி ஒரு வருஷம் அடைத்தது. 1982இல் அரங்கையே இடித்தது. சிறையில் கழிப்பறைத் தாளில் அவர் எழுதியதுதான், நாம் தமிழில் படித்த 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'.

இதைக் கேட்டதும் 'நாமும் ஊர் கூடிப் படிப்போம்' என்று கிளம்பிவிடாதீர்கள். நமக்கு எது ஊர்? ஊர் வேற, சேரி வேற. கப்பலேறிப் போயும் அது லயத்துக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தாத்தாவிடம் கேட்டேன், "நீங்க என்ன வேஷம் கட்டுவீங்க?"

"வேஷமா? நமக்குத் தப்புதான்பா."

மன்மதன் பாட்டு, ரதி ஒப்பாரி, எமன் வசனம் எல்லாம் மனப்பாடம். ஆயுசு பூரா அடி போட்டு மற்றவனை ஆட வைத்தவர். ஒரு வேஷம்கூடக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் பாடமான கூத்துதான். ஆனால் தப்பு மட்டும் ஒரே சனத்தின் தோளில். கமிரீத்துக்காரன் வசனத்தைத் திருத்தினான். நாம் திருத்த வேண்டியது இதை.

காலேஜ் ஃபாரத்தில் லயத்து விலாசம் எழுத உங்களில் பலருக்குக் கூச்சம். நானும் கூசினவன்தான். கைடை மனப்பாடம் பண்ணித் தனியாப் பாஸானேன், தனியா வேலைக்கு வந்தேன். என் தெருவில் யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

வர்ற ஞாயிற்றுக்கிழமை தாத்தா லயத்துக்குப் போறோம். நோட்டு கொண்டு வாங்க. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் தப்பைத் தோளில் மாட்டணும். பொம்பளைப் பிள்ளைகளும்தான். தாத்தாவுக்கு என்ன வேஷம்னு அவரே சொல்லட்டும். எமன் கட்டணும்னு ஆசைன்னு ஏற்கெனவே சொல்லிட்டார்.