பீரோவுக்குப் பின்னால் ஒரு நேயர்



திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கிய காலத்தில் நேயர் குரல் அஞ்சலட்டையில்தான் போகும். தொலைபேசி வந்தபின் நேரலையிலேயே பேசினார்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எட்டாம் வகுப்பில் விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஆகவே தினமும் காலையில் பத்து நிமிடம் வகுப்பையே நிலையமாக்கினேன். ஒருவர் நாளிதழ்ச் செய்தி வாசிப்பார், ஒருவர் தொகுப்பாளர். அழைக்கும் நேயர் பீரோவுக்குப் பின்னால் நின்று பேசவேண்டும், முகம் தெரியக்கூடாது. அவ்வளவுதான் விதி.

அந்த ஆண்டு முழுக்க வாய் திறவாத மாணவி ஒருத்தி அங்கே போய் நின்றாள்.

“சார், ராதாபுரம் கால்வாய்ல தண்ணி திறந்தாச்சுன்னு வாசிச்சாங்க. 52 குளம், 17,000 ஏக்கர்னாங்க. எங்க குளத்துக்கு ஏன் இன்னும் வரல?”

தொகுப்பாளன் பழக்கதோஷத்தில், “உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?” என்றான். வகுப்பே சிரித்தது. அவள் விடவில்லை, அதையே திரும்பக் கேட்டாள்.

எனக்கும் விடை தெரியாது. சொன்னேன். மறுநாள் சமூக அறிவியல் பாடவேளையில் பேச்சிப்பாறையிலிருந்து எங்கள் ஊர் வரை வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினோம். பிறகு உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். முதல் வரி அவளுடையது: “ஐயா, நான் கடைமடையிலிருந்து பேசுகிறேன்.”

பதிலுக்குக் காத்திருக்கிறோம். நிகழ்ச்சி தினமும் நடக்கிறது.